சர். ஆர். கே. சண்முகம் செட்டியாரும் நாட்டின் வாணிகக் கணக்கும்

ஒரு நாட்டின் பொருள்நிலையை அறிய விரும்புவோர் இரண்டு எண்களை முதலில் நோக்குவது வழக்கம். அந்நாடு பிற நாடுகளுக்கு விற்ற சரக்கின் மதிப்புக்கும் பிற நாடுகளிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. அதன் நாணயம் அயல்நாட்டு நாணயத்தோடு எவ்வீதத்தில் மாற்றப்படுகின்றது என்பது மற்றொன்று. முன்னதைச் சரக்கு வாணிக நிலுவை என்றும், பின்னதை நாணயமாற்று வீதம் என்றும் கூறுவர். ஏற்றுமதி மிகுந்தது என்று படித்தால் மகிழ்கின்றோம். இறக்குமதி மிகுந்தது என்றால் கவலையுறுகின்றோம். ரூபாயின் மதிப்பு ஏறினால் நாட்டுக்குப் பெருமை என்றும், இறங்கினால் சிறுமை என்றும் எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணங்கள் எப்போதும் உண்மையாவதில்லை. மிகுதி என்று ஏட்டில் எழுதப்பட்டது வறுமையின் அடையாளமாக இருத்தலும் உண்டு. உயர்ந்த நாணய வீதம் உழவன் வீட்டு அடுப்பை அவித்தலும் உண்டு.

இவ்வுண்மையை நூல்களிற் கற்றதோடு அமையாமல், சட்டசபையிலும், பன்னாட்டு மகாநாடுகளிலும், நிதி மந்திரியின் நாற்காலியிலும் இருந்து நேரிற் கண்டவர் ஒரு தமிழர். அவரே கோயம்புத்தூர் சர். ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆவர். சுதந்தர இந்தியாவின் முதல் நிதி மந்திரி என்று உலகம் அவரை அறியும். நம் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் என்பதும், ஒரு மிஷன் கல்லூரியில் பயின்று வளர்ந்தவர் என்பதும் நமக்கு அவரை மேலும் அணுக்கமாக்குகின்றன. அவர்தம் வாழ்க்கையைப் பயில்வார்க்கு மேற்சொன்ன இரண்டு எண்களையும் படிக்கும் முறை தானே விளங்கும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

சண்முகம் செட்டியார் 1892 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17 ஆம் நாள் கோயம்புத்தூரிற் பிறந்தார். தந்தையார் கந்தசாமி செட்டியார். குடும்பம் வாணிகத்தில் ஊன்றியது. பஞ்சும் நூலும் துணியும் விலைப்படும் நகரத்தில், கொள்முதலும் விற்பனையும் பேசப்படும் வீட்டில், அவர் இளமை கழிந்தது. உயர்கல்விக்குச் சென்னை சென்று கிறித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. உயர்நீதிமன்றத்திற்கு எதிரே, கடைவீதிகளும் கப்பல் கம்பெனிகளும் சூழ்ந்த ஜார்ஜ் டவுனில் இருந்தது. பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். வாணிகக் குடும்பத்தில் வந்த கணக்கறிவு, மிஷன் கல்லூரி தந்த ஆங்கிலப் புலமை, சட்டப் படிப்பு தந்த வாதத் திறன் ஆகிய மூன்றும் அவரிடத்து ஒருங்கு கூடின.

1917 இல் கோயம்புத்தூர் நகரசபை அங்கத்தினராகப் பொதுவாழ்விற் புகுந்தார். 1920 இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924 இல் டில்லியிலிருந்த மத்திய சட்டசபையில் இடம் பெற்றார். மோதிலால் நேரு தலைமை தாங்கிய சுயராஜ்யக் கட்சியினர் அச்சபையில் அரசாங்கத்தோடு நாள்தோறும் வாதிட்ட காலம் அது. செட்டியாரும் அக்கட்சியில் நின்று உழைத்தார். அவர் அங்கே சென்ற சில ஆண்டுகளுக்குள் ரூபாயின் மாற்று வீதத்தைப் பற்றிய பெரும்போர் ஒன்று மூண்டது.

அப்போரின் காரணத்தை நாம் தெளிவாக அறிதல் வேண்டும். முதல் உலக யுத்தத்திற்கு முன் ஒரு ரூபாய்க்கு இங்கிலாந்து நாணயத்தில் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது வீதம். அஃதாவது ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ். யுத்தத்தாலும் அதன் பின் நேர்ந்த குழப்பத்தாலும் அவ்வீதம் நிலைகுலைந்தது. அதனை மீண்டும் நிலைநிறுத்த வழி கூறுமாறு ஹில்டன் யங் என்பாரின் தலைமையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1926 இல் அக்கமிஷன் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அஃதாவது 18 பென்ஸ், என்று வீதம் வகுத்தது. கமிஷனில் இருந்த பம்பாய் வணிகர் சர். புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் மட்டும் மாறுபட்டுப் பழைய 16 பென்ஸே தக்கது என்று தனிக்குறிப்பு எழுதினார்.

இரண்டு பென்ஸுக்காக ஒரு நாடே பூசலிட வேண்டுமா என்று மாணவர் வினவக்கூடும். நம் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டையை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம், பண்ணுருட்டிப் பக்கங்களில் விளைந்த மணிலாக்கொட்டை கடலூர்த் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரான்சு முதலிய நாடுகளுக்குக் கப்பலேறியது. கடலூரில் பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாது. மூட்டைகளைப் படகில் ஏற்றிச் சென்று நடுக்கடலில் நின்ற கப்பலிற் சேர்ப்பர். ஒரு டன் கொட்டைக்கு அயல்நாட்டுச் சந்தையில் 15 பவுன் விலை கிடைப்பதாக உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். 15 பவுன் 3,600 பென்ஸ் ஆகும். ரூபாய்க்கு 16 பென்ஸ் என்றால் விற்றவர்க்கு ரூ. 225 வரும், 18 பென்ஸ் என்றால் ரூ. 200 தான் வரும். கொட்டையும் அதுவே, கப்பலும் அதுவே, வெளிநாட்டான் கொடுத்த விலையும் அதுவே. வீதம் மாறியதால் ரூ. 25 மறைந்துவிட்டது. அந்த நட்டத்தை ஏற்றுமதிக் கம்பெனி தாங்காது, தரகன் தாங்கான், கடைசியில் அது உழவன் தலையிலேயே இறங்கும்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். இந்திய அரசாங்கம் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தி வந்தது. கடன் வட்டி, உத்தியோகஸ்தர் ஓய்வூதியம், இராணுவச் செலவு முதலியன அதில் அடங்கும். இவற்றைப் பவுனில் கொடுத்தல் வேண்டும். 3 கோடிப் பவுன் அனுப்ப வேண்டுமென்று கொண்டால், 16 பென்ஸ் வீதத்தில் அதற்கு ரூ. 45 கோடி வேண்டும். 18 பென்ஸ் வீதத்தில் ரூ. 40 கோடி போதும். இங்கிலாந்திலிருந்து துணியும் இயந்திரமும் தருவிப்போர்க்கும் உயர்ந்த வீதமே இலாபம். ஆகவே வீதம் என்பது அனைவர்க்கும் பொதுவான நன்மையோ தீமையோ அன்று. ஒருவன் பையிலிருந்து எடுத்து மற்றொருவன் பையில் இடுவது அதன் இயல்பு. யார் விற்பவர், யார் வாங்குபவர், யார் கடனாளி என்பதை அறியாமல் வீதம் உயர்ந்ததற்கு மகிழ்தலும் தாழ்ந்ததற்கு வருந்துதலும் பொருந்தா. இந்திய வணிகர் பெரும்பாலோரும் தேசியக் கட்சியினரும் எதிர்த்தும், 1927 இல் சட்டசபையில் மிகச் சிறு வாக்கு வேறுபாட்டால் 18 பென்ஸே சட்டமாயிற்று.

1929 இல் உலகெங்கும் வாணிக மந்தம் தொடங்கியது. விளைபொருள்களின் விலை பாதிக்குமேல் வீழ்ந்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனைத் தங்கத்தினின்று பிரித்தது. ரூபாய் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் அதுவும் உடன் இறங்கியது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. நெல்லும் கொட்டையும் விலைபோகாத நிலையில், வரிக்கும் கடனுக்கும் வழியற்ற குடிகள் தம் மனைவியர் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்னைக் கழற்றி விற்றனர். அப்பொன் ஊர்ச் செட்டியின் கடையிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து இலண்டனுக்கும் சென்றது.

இங்கேதான் கணக்குப் படிப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1932-33 ஆம் ஆண்டில் இந்தியாவின் சரக்கு வாணிக மிகுதி ஏறக்குறைய ரூ. 3 கோடியாகச் சுருங்கிவிட்டது. அதே ஆண்டில் ஏறக்குறைய ரூ. 65 கோடிப் பெறுமானமுள்ள தங்கம் வெளியேறியது. சரக்கையும் தங்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டவர் நாடு நன்றாகவே விற்கின்றது, இலண்டனுக்குச் செலுத்த வேண்டியதைத் தடையின்றிச் செலுத்துகின்றது என்று கூறலாம். சரக்கைத் தனியே பிரித்து நோக்கியவர்க்கோ, குடும்பங்கள் முன்னோர் தேட்டை விற்று உயிர் வாழ்கின்றன என்பது விளங்கும். சரக்கு வாணிகத்தைத் தனியாகவும் பொன் வெள்ளியைத் தனியாகவும் எழுதும் வழக்கம் இதனால் எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

அவ்வாண்டிலேயே, 1932 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் கூடிப் பொருளாதார மகாநாடு நடத்தின. சர். அதுல் சட்டர்ஜியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் ஒருவர். சாம்ராஜ்ய நாடுகள் தமக்குள் சரக்குக்குச் சலுகை வரி விதித்துக்கொள்வது என்பதே அங்கே செய்யப்பட்ட ஏற்பாடு. பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு இந்தியா வரியிற் சலுகை தந்தது. இந்தியாவின் மணிலாக்கொட்டை, ஆளிவிதை, பதனிட்ட தோல் முதலியவற்றுக்கு இங்கிலாந்தில் சலுகை கிடைத்தது.

இவ்வொப்பந்தத்தால் செட்டியார்க்குக் கண்டனம் மிகுதியாயிற்று. இந்தியா எந்த நாட்டுக்கு மிகுதியாக விற்கின்றது, எந்த நாட்டிலிருந்து மிகுதியாக வாங்குகின்றது என்று நாடு நாடாகப் பிரித்துக் காட்டுமாறு எதிர்ப்பாளர் கேட்டனர். பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளே நம் விளைபொருளைப் பெரிதும் வாங்குவன. இங்கிலாந்துக்குச் சலுகை காட்டினால் அவை சினந்து நம் சரக்கை மறுக்கும் என்பது அவர் வாதம். உலகச் சந்தைகள் ஒவ்வொன்றாக வாயிலடைக்கும் காலத்தில் திறந்திருக்கும் வாயிலை நாம் இழக்கலாகாது என்பது செட்டியார் தரப்பின் வாதம். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. சட்டசபை 1932 இறுதியில் ஒப்பந்தத்தை ஏற்றது. அச்சபையின் அடுத்த தேர்தலில் வந்தோர் 1936 இல் அதனை முடித்துவிடுமாறு தீர்மானித்தனர். நாட்டின் மொத்த நிலுவை ஓர் எண்ணேயாயினும், அதனுள் பல நாடுகளோடு பல நிலுவைகள் உள்ளன என்பதும், அவை ஒவ்வொன்றும் ஓர் அரசியற் பிணக்குக்கு வித்தாகும் என்பதும் இவ்வரலாற்றாற் பெறப்படும்.

1933 இல் செட்டியார் மத்திய சட்டசபையின் தலைவரானார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். ஆயினும் 1934 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். ஒட்டாவா ஒப்பந்தத்தை ஆதரித்தவர் என்ற பழியும் அவரோடு தேர்தற்களத்துக்கு வந்திருந்தது. சபைத் தலைமையில் வீற்றிருந்தவர் சபையின் வாயிலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அவர் சோர்ந்தாரல்லர். 1935 இல் கொச்சி இராச்சியத்தின் திவானாகி 1941 வரை அப்பதவியில் இருந்தார். கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டுப் பெருங்கப்பல்கள் நேரே கரையணையத் தொடங்கிய காலம் அது. 1938 இல் மக்கட் பிரதிநிதியாகிய ஒரு மந்திரிக்கு நிர்வாகத்திற் பங்களிக்கும் அரசியற் சட்டமும் கொச்சியில் வந்தது. வாணிகக் கணக்கை இதுவரை சபையிலிருந்து நோக்கியவர், கப்பல் வந்து சரக்கிறக்கும் துறையிலிருந்தே அதனை நோக்கும் வாய்ப்பைக் கொச்சியிற் பெற்றார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1941 இல் அமெரிக்காவில் இந்தியாவுக்கு வேண்டிய பொருள்களை வாங்கும் குழுவின் தலைவராகச் செட்டியார் வாஷிங்டன் சென்றார். அதே காலத்தில் இந்தியாவில் விந்தையான ஒரு செல்வம் பெருகிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்காகப் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவில் உணவு, துணி, இரும்பு, தோல் முதலியவற்றை ஏராளமாக வாங்கியது. அவற்றுக்குரிய விலையை இலண்டனில் ரிசர்வ் பாங்கின் கணக்கில் பவுனாக வரவு வைத்தது. அப்பவுனை ஆதாரமாகக் கொண்டு ரிசர்வ் பாங்கு இந்தியாவில் ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1939 இல் ஏறக்குறைய ரூ. 180 கோடியாயிருந்த நோட்டுப் புழக்கம் 1945 இல் ரூ. 1,100 கோடியைக் கடந்தது. பண்டம் வெளியே சென்றது. நோட்டு உள்ளே பெருகியது. விலைவாசி மும்மடங்கை நோக்கி ஏறியது. 1943 இல் வங்காளத்தில் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர்.

இலண்டனில் இவ்வாறு குவிந்த தொகையே ஸ்டெர்லிங் நிலுவை எனப்பட்டது. யுத்த முடிவில் அது ஏறக்குறைய ரூ. 1,700 கோடியாக உயர்ந்திருந்தது. நூற்றாண்டுக்கணக்காக இங்கிலாந்துக்குக் கடன்பட்டிருந்த இந்தியா இப்போது கடன் கொடுத்த நாடாயிற்று. ஏட்டை மட்டும் நோக்குவார்க்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை. ஆனால் அத்தொகை உண்ணாதவர் உணவும் உடுக்காதவர் உடையும் ஆகும். அதனைத் திரும்பப் பெற்று ஆலைகளுக்கும் அணைகளுக்கும் இயந்திரம் வாங்கினாலன்றி அத்துன்பத்துக்குப் பயனில்லை. இங்கிலாந்தோ யுத்தத்தால் மெலிந்து கிடந்தது. வேண்டிய இயந்திரங்கள் அமெரிக்காவிலேயே கிடைத்தன; அவற்றுக்கு டாலர் வேண்டும்; பவுனை டாலராக மாற்ற இங்கிலாந்து இசையாது.

1944 ஜூலையில் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகள் கூடி, யுத்தத்துக்குப் பின் உலக நாணய ஒழுங்கை வகுக்க முற்பட்டன. இந்தியக் குழுவுக்கு அரசாங்க நிதி அங்கத்தினர் சர். ஜெரிமி ரெய்ஸ்மன் தலைவர். சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராப் ஆகியோரோடு சண்முகம் செட்டியாரும் அதில் அமர்ந்தார். ஸ்டெர்லிங் நிலுவையில் ஒரு பகுதியையேனும் பிற நாணயமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதி நிலையம் வழிசெய்ய வேண்டும் என்று இந்தியர் வாதாடினர். அது ஏற்கப்படவில்லை, அஃது இரு நாடுகளுக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு என்று தள்ளப்பட்டது. பின்தங்கிய நாடுகளின் வளத்தைப் பெருக்குதலும் நிலையத்தின் நோக்கமாதல் வேண்டும் என்று மற்றொரு கோரிக்கையும் வைத்தனர். அது கேட்டவாறே ஏற்கப்படாவிடினும், அங்கத்தினர் அனைவரின் உற்பத்தி வளமும் வளர்தல் வேண்டும் என்ற கருத்து நோக்கங்களில் இடம்பெற்றது. அடிமை நாட்டின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் சுதந்தர நாட்டின் பேச்சைப் பேசினர் என்பதை நாம் மறத்தலாகாது.

1947 ஆகஸ்டு 15 இல் நாடு விடுதலையடைந்தது. காங்கிரஸ் கட்சியைச் சாராத சண்முகம் செட்டியாரை ஜவஹர்லால் நேரு தம் மந்திரிசபையில் நிதி மந்திரியாக ஏற்றார். அவ்வாண்டு நவம்பர் 26 இல் சுதந்தர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் செட்டியார் சமர்ப்பித்தார். ஏழரை மாதத்துக்குரிய அத்திட்டத்தில் வரவு ரூ. 171.15 கோடி, செலவு ரூ. 197.39 கோடி, துண்டு விழுந்தது ரூ. 26.24 கோடி. பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்கு உணவும் உறையுளும் தரவேண்டும். உணவு தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டும். வாங்குதற்கு அயல்நாட்டு நாணயம் வேண்டும். சணல் ஆலைகள் இந்தியாவில் இருக்க, சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. நேற்றுவரை உள்நாட்டு வியாபாரமாக இருந்தது ஒரே இரவில் வெளிநாட்டு வியாபாரமாகிக் கணக்கேட்டில் ஏறியது. எல்லைக்கோடு மாறினால் வாணிக நிலுவையும் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1948 கோடையில் ஸ்டெர்லிங் நிலுவையைப் பற்றிப் பேசச் செட்டியார் இலண்டன் சென்றார். ஜூலையில் உடன்படிக்கை முடிந்தது. பிரிட்டிஷார் இந்தியாவில் விட்டுச்சென்ற இராணுவத் தளவாடங்களுக்கும் கட்டடங்களுக்குமாக 10 கோடிப் பவுன் கழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்க்கு வருங்காலத்திற் செலுத்த வேண்டிய ஓய்வூதியங்களுக்காக ஏறக்குறைய 16 கோடியே 80 இலட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. எஞ்சியதிலிருந்து மூன்றாண்டுகளில் 8 கோடிப் பவுன் புதிதாக விடுவிக்கப்படும் என்று முடிவாயிற்று. அதிலும் டாலராக மாற்றிக்கொள்ளக்கூடியது சிறு பகுதியே. தளவாடங்களுக்கு இத்துணை விலை தரலாமா என்றும், ஓய்வூதியத்துக்கு முன்பணம் தருவானேன் என்றும் சிலர் குறை கூறினர். ஆயினும் ஓர் அச்சம் அன்று நீங்கியது. யுத்தகால விலைகள் மிகையானவை என்று சொல்லி நிலுவையின் ஒரு பகுதியையே தள்ளிவிட வேண்டும் என்ற பேச்சு இங்கிலாந்தில் அடிக்கடி எழுந்துகொண்டிருந்தது. உடன்படிக்கையின்பின் கடன் கடனாகவே நின்றது. அத்தொகையே பின்னர் முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாட்டுக்குக் கைகொடுத்தது.

இலண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களுள் செட்டியார் பதவியை இழந்தார். வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பப்பட்ட வழக்குகளிற் சில விலக்கிக்கொள்ளப்பட்டது பற்றிச் சபையிற் கண்டனம் எழுந்தது. நிதி இலாகாவின் செயலுக்கு மந்திரியே பொறுப்பாளி என்ற முறையில் 1948 ஆகஸ்டில் அவர் ராஜீனாமா செய்தார். அவருக்குப்பின் நிதி மந்திரியான டாக்டர் ஜான் மத்தாயும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி மாணவரே. நாட்டின் முதல் இரண்டு நிதி மந்திரிகளும் ஒரே மிஷன் கல்லூரியில் பயின்றவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அடுத்த ஆண்டில் நேர்ந்தது செட்டியாரின் வாழ்க்கைப் பாடத்தை நிறைவு செய்கின்றது. 1949 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனின் டாலர் மதிப்பைக் குறைத்தது. முன்னர் ஒரு பவுனுக்கு 4 டாலர் 3 சென்ட்; பின்னர் 2 டாலர் 80 சென்ட். ரூபாயும் பவுனைப் பின்பற்றி இறங்கியது. ரூபாய்க்கும் பவுனுக்கும் இடையே 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற வீதம் மாறவேயில்லை. அதை மட்டும் பார்த்திருப்பவர் ஒன்றும் நேரவில்லை என்றே கருதுவர். ஆனால் ஒரு டாலருக்கு முன்னர் ரூ. 3.30 அளவில் இருந்தது ரூ. 4.76 ஆயிற்று. இலண்டனில் செலவிடப்படாது கிடந்த நம் நிலுவையின் டாலர் வாங்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்களவு ஓரிரவிற் கரைந்தது. நிலுவை என்று எழுதப்பட்ட எண் குறையவில்லை. அதன் உள்ளீடு குறைந்தது. எந்த நாணயத்தில் கடன் கொடுத்தோமோ அந்த நாணயத்தின் விதியே நம் செல்வத்தின் விதியாயிற்று.

பதவி நீங்கிய செட்டியார் தமிழையும் கல்வியையும் நாடினார். அரசர் சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய தமிழிசை இயக்கத்தில் அவர் முன்னமே முனைந்து நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். நிதித் துறையில் உழன்றவர் அக்காண்டத்தை விரும்பியதில் வியப்பில்லை. காவிரி கடலொடு கலக்கும் அப்பட்டினம் சிதம்பரத்துக்கு அணித்தே உள்ளது. மரக்கலம் செலுத்திய வணிகரின் குடியிற் பிறந்தோரே அக்காப்பியத்தின் தலைவனும் தலைவியும். 1950 ஐ அடுத்த ஆண்டுகளில் செட்டியார் சில காலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை, பேராசிரியர் பி. வி. நாராயணசாமி நாயுடு அவர்களின் காலத்தில், தென்னார்க்காட்டு உழவனின் மணிலாக்கொட்டைச் சந்தையை ஆராய்ந்து நூல் வெளியிட்டிருந்தது. உலக நாணய மகாநாட்டில் அமர்ந்த ஒருவர், அவ்வுழவனின் வயல்கள் சூழ்ந்த கலைநகரத்துக்குத் தலைமை தாங்கியது பொருத்தமேயாகும். 1953 இல், தம் அறுபத்தோராம் வயதில், அவர் உலக வாழ்வை நீத்தார்.

அவர் காலத்துக்குப்பின் வீதங்கள் பலமுறை மாறின. 1966 ஜூன் மாதத்தில் ஒரு டாலருக்கு ரூ. 7.50 என்று அரசாங்கமே ரூபாயைத் தாழ்த்தியது. 1993 முதல் ரூபாயின் மதிப்பைச் சந்தையே பெரும்பாலும் அறுதியிடுகின்றது. ஏற்ற இறக்கம் மிகும்போது ரிசர்வ் பாங்கு இடைநின்று தாங்குகின்றது. மாதந்தோறும் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு வெளிவருகின்றது. அதில் ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பலேறும் வரையுள்ள விலையே எழுதப்படும். இறக்குமதிச் சரக்குக்கோ கப்பற் கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதப்படும். ஆகவே இரண்டையும் கழித்துக் காணும் பற்றாக்குறையில் கூலியின் பங்கும் அடங்கியுள்ளது. கணிப்பொறித் தொழில் முதலிய சேவைகளால் வரும் வருவாயும், அயல்நாடுகளில் உழைப்போர் தம் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சரக்குக் கணக்கில் இடம்பெறா. அவை வேறு ஏட்டில் உள்ளன.

மாணவர் இக்கணக்குகளைக் காணும்போது சண்முகம் செட்டியாரின் வாழ்க்கை கற்பிக்கும் சில வினாக்களை எழுப்பிக்கொள்வாராக. மிகுதி என்றால், எதை விற்று வந்த மிகுதி. விளைவித்த பண்டமா, வீட்டுப் பொன்னா? எந்த நாட்டோடு மிகுதி, எந்த நாட்டோடு குறைவு? வரவேண்டிய தொகை எந்த நாணயத்தில் உள்ளது. அதனை வேண்டியபோது எடுக்க இயலுமா? வீதம் மாறியதென்றால், எந்த நாணயத்தோடு ஒப்பிட்டு மாறியது. அதனால் இலாபமடைந்தவர் யார், நட்டமடைந்தவர் யார்? பற்றாக்குறை என்றால், உண்டு தீர்க்கும் பொருளுக்காக ஏற்பட்டதா, நாளை உற்பத்தி பெருக்கும் இயந்திரத்துக்காக ஏற்பட்டதா? இவ்வினாக்களுக்கு விடை காணாதவரை எண்கள் ஊமையாகவே இருக்கும்.

செட்டியாரின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. ஒட்டாவாவைப் பற்றியும் ஸ்டெர்லிங் உடன்படிக்கையைப் பற்றியும் அறிஞர் இன்றும் மாறுபடுவர். ஆயினும் வாணிகத்தையும் நாணயத்தையும் மேனாட்டார்க்கே உரிய மறைபொருள் என்று எண்ணியிருந்த காலத்தில், கோயம்புத்தூரிற் பிறந்த ஒரு தமிழர் அவற்றைக் கற்றுத் தெளிந்து, அந்த மேனாட்டாரோடு சமமாக அமர்ந்து தம் நாட்டுக் கணக்கைக் கேட்டார். கடலூர்த் துறையில் மூட்டை சுமந்தவனுடையவும், விருத்தாசலத்துக் கொல்லையில் கொட்டை பறித்தவளுடையவும் உழைப்பே அக்கணக்கின் முதல். அதனைப் பிழையறக் கற்று, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் ஆற்றலை நம் கல்லூரி மாணவரும் பெறுவாராக.